பச்சையாக நின்ற ஐந்து சென்ட்

போன மாதம் ஜெனிபர் போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற புள்ளியியல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். என் மேசை இப்போது அவளுக்கு. நான் உட்கார்ந்த நாற்காலியும் அவளுக்குத்தான், அதன் ஆடுகிற காலோடு சேர்த்து. எந்த வயலில் அறுவடைச் சோதனை வைப்பது என்பதை இப்போது செல்போனே பொறுக்கிக் கொடுத்துவிடுகிறதாம். நின்ற இடம், எடுத்த படம், நிறுத்த எடை எல்லாம் அதிலேயே ஏறிவிடுகிறதாம். பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசியில் ஒன்று கேட்டாள்.

"சார், ஊரே கருகிக் கெடக்கு. செல்லு காட்டுத வயலு மட்டும் பச்சப் பசேல்னு நிக்கி. இத வச்சு ஊரே வெளைஞ்சிருக்குன்னு ஆயிருமான்னு அந்த வயக்காரரு என்னையப் போட்டுக் கொடையுதாரு. அவருட்ட என்ன சார் சொல்லணும்?"

முப்பது வருஷத்துக்குப் பக்கமாக இதே வேலையைப் பார்த்தவன் நான். இருந்தும், "ரெண்டு நாள் பொறும்மா, சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டேன். அந்த வயல்காரர் கேட்ட அதே கேள்வியை வேறொருவர் என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். அன்றைக்கு நான் சொன்ன பதில் இன்றும் என்னை விடவில்லை.

எங்கள் வேலை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரில் மொத்தம் எவ்வளவு விளைந்தது என்று வயல் வயலாக அறுத்துப் பார்க்க முடியாது. அதனால் குருட்டாம்போக்காக எண் எடுத்து, அந்த எண்ணுக்கு விழும் நாலு வயல்களில் மட்டும் அறுத்து, நிறுத்து, சராசரி பார்ப்போம். அந்தச் சராசரிதான் ஊரின் விளைச்சல். அது குறைந்திருந்தால் ஊருக்குப் பயிர்க் காப்பீடு கிடைக்கும், இல்லையென்றால் இல்லை. மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் டேப்பும் தராசும்தான் ஊர்க்காரர்களுக்கு வானம்.

நான் ஏரல் பக்கத்துக்காரன். தாமிரபரணி வாய்க்காலில் குதித்து வளர்ந்தவன். கிளார்க்காகச் சேர்ந்து, ஐந்தாறு வருஷம் காகிதம் தைத்துவிட்டு, வெளிவேலைக்கு மாறினேன். பயிற்சி என்று மதுரையில் பத்து நாள் உட்கார வைத்தார்கள். கற்றதெல்லாம் அங்கே இல்லை. இன்பராணி மேடத்திடம்தான்.

இன்பராணி மேடம் என் மேலதிகாரி. பனங்காட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். ஒல்லியான உடம்பு, கட்டைக் குரல். ஜீப்பை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடப்பார். திட்டவே மாட்டார். நாம் எழுதிக் கொடுத்த படிவத்தில் எங்கே தப்போ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார், அவ்வளவுதான். அந்தப் புள்ளியைப் பார்த்ததும் முதலிலிருந்து திரும்பக் கணக்குப் போடுவோம். தராசில் எதையும் நிறுப்பதற்கு முன்னால் பையிலிருந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்து அதில் தொங்கவிடுவார். முள் சரியாக ஒன்றில் நின்றால்தான் அன்றைக்கு வேலை. "தூத்துக்குடிக்காரிக்கு வேற எடைக்கல்லு எதுக்கு?" என்பார்.

வயலுக்குள் செய்யும் முறையும் அவர் கையோடு வந்ததுதான். தென்மேற்கு மூலையில், கன்னிமூலையில், நிற்க வேண்டும். எண் பட்டியல் சொல்லும் அடிகளை நீளவாக்கில் நடக்க வேண்டும், பிறகு அகலவாக்கில். நின்ற இடத்தில் இரும்பு முளை அடிக்க வேண்டும். அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, மூலைக்கு மூலை அளந்து, சதுரம் சரிதானா என்று பார்க்க வேண்டும். கயிற்றின்மேல் நிற்கும் செடியின் வேர் உள்ளே இருந்தால் அது கணக்கில் சேரும், வெளியே இருந்தால் சேராது. பிறகு அறுத்து, தார்ப்பாயில் அடித்து, தூற்றி, நிறுக்க வேண்டும்.

வெளிவேலைக்கு வந்த புதிதில் ஏரல் பக்கம் ஒரு நெல் வயலில் என் முளை சொட்டையான இடத்தில் விழுந்தது. வாய்க்கால் கடைமடை, அந்த வருஷம் தண்ணீர் எட்டவில்லை. வயல்காரர் எனக்கு ஒருவகையில் பெரியப்பா முறை. "ஏலே, எங்க வயல இப்படியா எழுதிட்டுப் போவ? நாலு பேரு என்ன நெனைப்பான்?" என்று முகம் சிறுத்துப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. முளையைப் பிடுங்கி ஐந்து அடி தள்ளி, பயிர் நின்ற பக்கம் அடித்துவிட்டேன்.

மேடம் படிவத்தைப் பார்த்துவிட்டு ஒரு புள்ளி வைத்தார். மறுநாள் ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு அதே வயலுக்குப் போய், கன்னிமூலையில் நிற்க வைத்து, மறுபடி நடக்கச் சொன்னார். கால் தானாகச் சொட்டையில் போய் நின்றது.

"தம்பி, நீங்க அவருக்கு நல்லது செய்யுதேன்னு நெனைச்சிய. அவரு மானத்தக் காப்பாத்திட்டு, கடைமடையில இருக்க முப்பது பேரு வயித்துல அடிச்சிருக்கிய. பாத்தத எழுதுங்க. நெனைச்சத எழுதவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்."

பெரியப்பாவும் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அன்றிலிருந்து நான் வாயைக் கட்டிவிட்டேன். விவசாயி என்ன கேட்டாலும் கேட்டதற்கு மட்டும் பதில். அதையும் பாதியாகச் சொல்லுவேன். இதை நல்ல குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் கரிசல் பக்கம் தொடர்ந்து மூன்று வருஷம் மழை ஏமாற்றியது. தருவைகுளத்துக்கு மேற்கே உள்ளடங்கிய ஒரு ஊர் என் பட்டியலில் இருந்தது. அறுபது வீடு இருக்கும். கம்புதான் அவர்கள் விவசாயம், அதுவும் நாட்டுக் கம்பு. கடையில் விற்கும் கம்பை அந்த மண்ணில் போட்டால் கடல் காற்றில் பூவெல்லாம் கருகிப் பதராகப் போய்விடும். இந்தக் கம்போ அங்கேயே பழகியது, உப்புக் காற்றையும் தாங்கும், இரண்டு மழைக்கே கதிர் வாங்கும். அந்த வருஷம் ஐப்பசியில் ஒரே ஒரு மழை. விதைத்தார்கள், முளைத்தது, கருகியது. அதற்கு முந்தின இரண்டு வருஷமும் அதே கதை. வீட்டுத் தானியக் குலுக்கைகளில் விதைக்கென்று எடுத்து வைத்திருந்ததெல்லாம் மண்ணில் போய்த் தீர்ந்துவிட்டது.

மார்கழியில் முதல் வயலை அடையாளம் காட்டப் போனேன். வயல்காரர் முன்கூட்டியே அறுத்துவிடாமல் இருக்க, இன்ன தேதியில் வருவோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது முறை. சர்வே எண்ணைப் பார்த்துக்கொண்டு சைக்கிளை உருட்டியபடி நடந்தேன். இருபுறமும் காய்ந்த தட்டை, காலடியில் வெடிப்பு. ஊரணிக் கரையைச் சுற்றித் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். ஐந்து சென்ட் துண்டில் ஆளுயரம் பச்சையாகக் கம்பு நின்றது. கதிர் வாங்கியிருந்தது. ஒரு பெண் வயலுக்குள் மூன்று குழந்தைகளை வரிசையாக நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

வயல்காரர் பெயர் அய்யாத்துரை. நாற்பது வயது இருக்கும். குளிப்பாட்டிக்கொண்டிருந்தது அவர் மனைவி பொன்னுத்தாய்.

"இதுக்குத் தண்ணி எங்க?" என்று கேட்டேன்.

"லாரித் தண்ணிதான் சார். ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. வீட்டுக்கு ஆறு கொடம். அதுல ஒண்ணு இந்தக் கம்புக்கு. முறைக்கொடம்னு சொல்லுதோம்" என்றார் அய்யாத்துரை. "எல்லாம் கருக ஆரம்பிச்சதும் ஊரு கூடிப் பேசுனோம். அடுத்த வருசம் வெதைக்க ஒரு வயலாவது நிக்கணும்லா? இது லாரி வந்து நிக்குத ஊரணிக்குப் பக்கம், கொண்டாந்து ஊத்த லேசு. அதான் இத வச்சோம்."

"புள்ளைகள வீட்டுல குளிப்பாட்டுனா தண்ணி வாசல்ல வீணாத்தான போவும்?" என்றாள் பொன்னுத்தாய். "எல்லாரும் இங்கனதான் கூட்டிட்டு வாராக. பாத்திரமும் இங்கனதான் கழுவுதோம்."

நான் ஆற்றங்கரைக்காரன். தண்ணீர் தானாக வரும், நாம் மடையைத் திறந்தால் போதும் என்று நினைத்து வளர்ந்தவன். குடிக்கிற தண்ணீரில் ஆறில் ஒரு பங்கை அறுபது வீடும் ஒரு பயிருக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டதும் அந்தக் கம்பைத் திரும்ப ஒருமுறை பார்த்தேன். ஆனால் கை, பழக்கத்தில், படிவத்தை எடுத்துவிட்டது. கண்ணால் பார்த்து விளைச்சல் எவ்வளவு இருக்கும் என்று எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் 'நல்ல விளைச்சல்' என்று எழுதி, உத்தேச எடையும் போட்டேன்.

அய்யாத்துரை என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த வயலுதான் கணக்கா?"

"ஆமா. எண் இதுலதான் விழுந்திருக்கு."

"அப்ப இது நல்லா வெளைஞ்சிருக்குன்னு எழுதுனா, ஊரே வெளைஞ்சிருக்குன்னு ஆயிருமா?"

நான் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இன்னும் மூன்று வயல் இருக்கிறது, அவையெல்லாம் கருகித்தான் கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மற்ற வயல்கள் எவை என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. எவை என்று சொல்லக்கூடாதே தவிர, இருக்கின்றன என்று சொல்வதை யாரும் தடுக்கவில்லை. அந்த வித்தியாசம் அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை. நினைத்ததைச் சொல்லாதே என்று ஒரு தடவை சூடு பட்டவன் அல்லவா?

"இந்த வயல வச்சுத்தான் ஊருக்கு எழுதுவோம்" என்றேன். "தை பத்தாம் தேதி வாரேன். அறுத்துராதீக."

இரண்டு வரிதான். சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு நான் கிளம்பும்போது அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பொன்னுத்தாய் ஒரு குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை பத்தாம் தேதி மேடமும் மேற்பார்வைக்கு வந்தார். அவர் ஓய்வு பெற அப்போது சில மாதங்களே இருந்தன. ஜீப்பை விட்டு இறங்கினார், செருப்பைக் கையில் எடுத்தார். ஊரணிக் கரையைத் திரும்பினோம்.

வயலில் ஒன்றுமில்லை.

முழங்கால் உயரத்துக்குக் கடிபட்ட தட்டைகள் நின்றன. மிதிபட்ட தாள், சிதறிய புழுக்கை. ஒரு கதிர் இல்லை. நான் ஒரு நிமிஷம் தப்பான வயலுக்கு வந்துவிட்டோம் என்றே நினைத்து சர்வே எண்ணைத் திரும்பப் பார்த்தேன். கரையில் ஊர்ச்சனம் முழுக்க நின்றுகொண்டிருந்தது.

"யார் ஆடு?" என்று கேட்டார் மேடம்.

பொன்னுத்தாய் முன்னால் வந்தாள். "எங்க ஆடுதாம்மா."

"கட்டிப் போடலையா?"

"கட்டித்தான் கெடந்துச்சு. நான்தான் அவுத்துவிட்டேன்."

"ஏன்?"

"இந்த வயலு வெளைஞ்சா ஊருக்குக் காப்பீடு கெடையாதுன்னு சார் சொல்லிட்டாக. மறுபடியும் ஊரு கூடுச்சு. கதிரு முத்திட்டா வெளைஞ்சதுன்னு ஆயிரும், அதுக்கு முன்னாலயே அழிச்சிரணும்னு எல்லாரும் சொன்னாக. ஆனா ஒருத்தருக்கும் கை வரல. ஆம்பளைக எல்லாம் கரையில உக்காந்து அழுதாக. முறைக்கொடம் ஊத்துன கையி எப்படி அறுக்கும்? நான்தான் போயி ஆட்ட அவுத்தேன்." அவள் குரலில் அழுகை இல்லை. "ஆடு தின்னுச்சும்மா. நல்லாத் தின்னுச்சு."

அரசாங்கம் தங்கள் வறட்சியை நம்ப வேண்டும் என்பதற்காக, ஊரில் மிச்சமிருந்த ஒரே பச்சையை ஆட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். அதுதான் அவர்களுடைய அடுத்த வருஷம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு அதிர்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. உட்கார இடம் தேடினேன், வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் வயலுக்குள் இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். வேண்டுமென்றே அழித்தார்கள் என்று எழுதினால் ஊருக்கே சிக்கல் வந்துவிடும். அவர் என் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, ஆடு அவுத்துவிட்டத நீங்க பாத்தியளா?"

"இல்ல மேடம்."

"இப்ப என்ன பாக்கிய?"

"ஆடு மேஞ்ச தாளு."

"அத எழுதுங்க."

எழுதினேன். ஆடு மேய்ந்து அழிந்த வயல் கணக்கிலிருந்து நீங்கிவிடும், அதற்குப் பதில் பட்டியலில் அடுத்த எண்ணை எடுக்க வேண்டும். அடுத்த எண் கருகிய வயலில் விழுந்தது. திரும்பி வரும்போது ஜீப்பில் தராசும் உப்புப் பாக்கெட்டும் மேடத்தின் மடியிலேயே இருந்தன.

நாலு வயல் கணக்கும் அலுவலகத்துக்கு வந்த அன்றுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. நாலிலும் ஒன்றுமில்லை, ஊருக்குக் காப்பீடு உறுதி. சும்மா இருந்திருக்கலாம். ஏதோ ஒரு உறுத்தலில், நான் மார்கழியில் கண்ணால் பார்த்து எழுதிய உத்தேச எடையை எடுத்து, அந்தப் பச்சை வயலும் கணக்கில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். மூன்று வயலில் ஒன்றுமில்லை, ஒன்றில் முழு விளைச்சல். நாலால் வகுத்தால் வருவது கால் பங்கு. கால் பங்கு விளைச்சல் என்பது காப்பீட்டுக் கோட்டுக்கு எவ்வளவோ கீழே. பள்ளிக்கூடப் பிள்ளை வாயாலேயே சொல்லிவிடும் கணக்கு. அந்தக் கம்பு நின்றிருந்தாலும் காப்பீடு கிடைத்திருக்கும். விதையும் இருந்திருக்கும்.

தாளை மேடத்தின் மேசையில் வைத்தேன். எப்படியாவது ஒரு புள்ளி வைத்துத் தந்துவிட மாட்டாரா என்று இருந்தது. வகுத்தது தப்பு, கோடு தப்பு, ஏதாவது ஒன்று தப்பாக இருந்துவிடக்கூடாதா? பென்சிலைக் கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். புள்ளி வைக்காமலே தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"வாயக் கட்டச் சொன்னது நான்தான" என்றார். அதற்குமேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

காப்பீடு தாமதமாக வந்தது. அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. ஊரில் நாட்டுக் கம்பு ஒரு மணி இல்லை. கடைக் கம்பைப் போட்டார்கள். பூத்து, கடல் காற்றில் கருகி, பதராய்ப் போயிற்று. அதற்கடுத்த வருஷம் மறுபடி வறட்சி. ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. நான் கடைசியாக அந்தப் பக்கம் போனபோது ஊரணிக் கரை முழுக்கச் சீமைக்கருவேலம்.

ஜெனிபரின் போனுக்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விசாரித்ததில் அய்யாத்துரையும் பொன்னுத்தாயும் தருவைகுளத்துப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்வதாகச் சொன்னார்கள். பஸ் ஏறிப் போனேன்.

பாத்தி வரப்பில் அய்யாத்துரை உப்பு வாரிக்கொண்டிருந்தார். தலை நரைத்து, பாதம் வெடித்து, ஆள் பாதியாகியிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு பலகையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். வடக்கே கொஞ்சம் மேகம் கறுத்திருந்தது. தூரத்துக் கொட்டகையிலிருந்து பொன்னுத்தாய் கையை நெற்றியில் வைத்து வானத்தைப் பார்த்தாள்.

"மழ வந்துரக்கூடாதுன்னு பாக்கா சார்" என்றார் அவர். "பெஞ்சா உப்பு கரைஞ்சிரும். பாத்தி காயுத வரைக்கும் வேலை கெடையாது."

மழை பொய்த்தபோது கம்புக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த பெண், மழை வரக்கூடாது என்று வானத்தைப் பார்க்கிறாள். எனக்கு மறுபடி அந்த வரப்பில் உட்கார்ந்தது போல் ஆகிவிட்டது. இதற்குமேல் மறைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். நாலு வயல், கால் பங்கு, விதை, என் அரை வார்த்தை, எல்லாவற்றையும். மன்னிப்பும் கேட்டேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிக்கொண்டே நின்றார்.

"நாலு வயலா?" என்றார்.

"ஆமா."

"நிக்க விட்டிருந்தாலும் கெடைச்சிருக்குமா?"

"கெடைச்சிருக்கும்."

கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என் முழங்கையைப் பிடித்தார். "சார், ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன். இத அவகிட்ட மட்டும் சொல்லிராதீக. ஆட்ட அவுத்தது அவ கையி."

அவள் செம்பில் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தாள். அங்கேயும் லாரித் தண்ணீர்தான். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கையில் கொடுத்துவிட்டாள்.

"குடிங்க சார். அன்னைக்கு நீங்க மட்டும் வாயத் தொறந்து அந்த வயலுதான் கணக்குன்னு சொல்லாமப் போயிருந்தா, ஊருக்கு ஒண்ணுமே கெடைச்சிருக்காதுல்லா? இவுகளுட்ட அடிக்கடி சொல்லுவேன். கம்பு போச்சு, ஆனா ஊரு வயித்துக்குக் கெடைச்சுதுன்னு. இல்லியா சார்?"

அய்யாத்துரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாம்மா" என்றேன்.

தண்ணீர் முழுவதையும் குடித்தேன். ஒரு சொட்டும் கீழே சிந்தவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்று ஜெனிபருக்குப் போன் போட்டேன். பின்னால் ஆபீஸ் ஃபேன் சத்தம் கேட்டது.

"ஜெனிபர், அந்த வயக்காரரு ஒன்னையக் கேட்டாருல்லா. இன்னைக்கே போ. ஊருல நாலு வயல் எடுக்கோம், உம்ம வயலு நாலுல ஒண்ணுதான்னு சொல்லு. மத்த மூணு எதுன்னு சொல்ல வேண்டாம். நாலுன்னு மட்டும் சொல்லு."

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதாம்மா."